மாதவனுக்கு இல்லாத வெள்ளிக்கிழமை

மாதவனுக்குப் பொறாமை வந்தது ஐம்பத்து மூன்றாவது வயதில். அதற்கு முன்பு அந்தக் குணமே இல்லாதவர் என்று சொல்ல முடியாது. தம்பி முசிறியில் வாழைத்தோப்பு வாங்கியபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அது தானாகச் சரியாகிவிட்டது. இது அப்படிப் போகவில்லை. ஏனென்றால் இந்த முறை அவர் பொறாமைப்பட்டது சொந்த மனைவியைப் பார்த்து.

துவாக்குடியில் பாய்லர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர் சூப்பர்வைசர். காலையில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பக்கத்தில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். மாலையில் அதே இடத்தில் இறக்கிவிடும். வீடு மேலூர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப் போர்ஷன். குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை, யார் வீட்டுக்கும் போய் உட்காருவதில்லை. "வேலைய விட்டா வீடு, வீட்ட விட்டா வேலைங்க" என்று கல்யாணத் தரகர் அந்தக் காலத்தில் பெண் வீட்டில் சொன்ன ஒரே உண்மை அதுதான். பானுமதியின் அப்பா அதைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாராம். பானுமதி என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

பானுமதி தில்லை நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிசப்ஷன் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் படித்து முடித்து ஹைதராபாத்தில் வேலைக்குப் போனதும் வீடு சத்தமில்லாமல் ஆனது. இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பேச வேண்டியதெல்லாம் மகள் போன் செய்யும்போது ஸ்பீக்கரில் அவளிடம் பேசி முடிந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் லேபில் ரத்தம் எடுக்கும் அனுசுயா ஒரு வெள்ளிக்கிழமை மாலை கேட்டாள்: "அக்கா, இப்ப வீட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறீங்க? வாங்க, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஏதாவது சாப்ட்டுட்டுப் போலாம்."

அன்று இரண்டு பேர் போனார்கள். அடுத்த வாரம் அனுசுயாவின் பக்கத்து வீட்டுக்காரி சம்ரீன் சேர்ந்துகொண்டாள். பாலக்கரையில் ரவிக்கை தைப்பவள். அவளிடம் தைக்கக் கொடுக்க வந்த பெலிண்டா டீச்சர் அதற்கடுத்த வாரம் சேர்ந்தார். அதோடு கூட்டம் நான்கு பேராக நின்றது. அவர்களுக்குள் சில சட்டங்கள் உண்டு. ஆட்டோ கிடையாது, பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று அரசாங்கமே விட்டிருக்கும்போது ஆட்டோ எதற்கு? ஏசி போட்ட ஓட்டலுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. கடைசியில் காற்று வரும் இடமாகப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வீட்டுக் கதை பேசலாம், வீட்டுக்காரரைக் கூட்டி வரக் கூடாது.

"போயிட்டு வா, மனசுக்கு நல்லது" என்று மாதவன்தான் முதலில் பெருந்தன்மையாகச் சொன்னார். ஹாட்பாக்ஸில் இருந்த சப்பாத்தியைச் சாப்பிட்டுவிட்டு நியூஸ் பார்த்தார். எட்டரைக்குப் பானுமதி வந்தாள். சுட்ட சோளத்தின் வாசனையும் அவளோடு வந்தது. முகம் வெயிலில் நின்றவளைப் போலச் சிவந்து மினுமினுத்தது. அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தார். கல்யாண ஆல்பத்தில் கூட இல்லை. பெண் பார்க்கப் போனபோது உள்ளறையில் தோழிகளோடு நின்று எட்டிப் பார்த்ததே, அந்த முகம்.

"என்ன சாப்ட்டீங்க எல்லாரும்?"

"நந்தி கோயில் தெருவுல மசால் பொரி, சுட்ட சோளம், அப்புறம் பருத்திப்பால்."

"உனக்குத்தான் காரம் ஆகாதே."

"அங்க ஆகுதுங்க" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

பிறகு போன் ஆரம்பித்தது. அடுப்படியில் நின்றபடி போனைப் பார்ப்பாள், தனியாகச் சிரிப்பாள். இவர் கூடத்திலிருந்து "என்ன?" என்பார். "ஒண்ணுமில்லங்க, சம்ரீன் ஒண்ணு போட்டிருக்கா." "என்ன போட்டிருக்கா?" அவள் சொல்ல ஆரம்பிப்பாள். பாதியிலேயே நிறுத்தி, "விடுங்க, அங்க இருந்திருந்தாத்தான் சிரிப்பு வரும்" என்பாள்.

மாதவன் கவனிக்க ஆரம்பித்தார். ஸ்டோரில் ஒரு நட்டு குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர், வீட்டிலும் அதே கண்ணைத் திறந்தார். வெள்ளிக்கிழமைக்கான புடவையை வியாழக்கிழமையே எடுத்து வைக்கிறாள். அவரோடு சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பீரோவைத் திறந்து கைக்கு வந்ததைச் சுற்றிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை காலையில் தோசை வார்க்கும்போது ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாள். சனிக்கிழமை காலையில் முணுமுணுப்பதில்லை. இதெல்லாம் தெரியத் தெரிய அவருக்கு வேனில் வழக்கமாக வரும் தூக்கமும் வராமல் போனது. வேறு ஆம்பளை என்றால் சண்டை போடலாம், ஊரைக் கூட்டலாம். ரவிக்கை தைக்கிற பெண்ணையும் டீச்சரையும் பார்த்து வயிறெரிகிறது என்று யாரிடம் சொல்வது?

அவர் போட்டி போட்டுப் பார்த்தார். ஒரு சனிக்கிழமை, "கிளம்பு பானு, வெளியில சாப்பிடலாம்" என்று கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய ஓட்டலுக்குக் காரில் கூட்டிப் போனார். மேஜையில் மெழுகுவர்த்தி, மடித்து வைத்த துணி, குரலே எழுப்பாத சர்வர். மெனு அட்டையை இரண்டு பேரும் நெடுநேரம் படித்தார்கள்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க."

மாதவன் ஒரு வேடிக்கையைத் தயார் செய்து வைத்திருந்தார். கம்பெனியில் இரண்டு ஃபிட்டர்கள் ஒரே போல்ட்டுக்குச் சண்டை போட்ட கதை. சொன்னார். பானுமதி சிரித்தாள். வெறும் வயிற்றோடு வந்த பேஷன்ட்டிடம் "அஞ்சே நிமிஷம் சார்" என்று சொல்லும்போது வரும் சிரிப்பு. திரும்பும்போது காரில் தூங்கிவிட்டாள்.

மறுநாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே அவள் போனில் பேசுவது படிக்கட்டில் நின்ற இவர் காதில் விழுந்தது. "நல்ல ஓட்டல்தான் அனு. என்ன, குளிருல கையக் கட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன். பரிட்சை எழுதப் போன மாதிரி இருந்துச்சு." போனுக்குள் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளும் சிரித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாதவன் பெர்மிஷன் போட்டுவிட்டு மூன்றரைக்கே கிளம்பினார். முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். இதைச் செய்கிற ஆள் நான்தானா என்று ஒரு முறை தோன்றியது. கால் நகரவில்லை.

நான்கு பேரும் வந்தார்கள். முதலில் தெப்பக்குளத்தைச் சுற்றினார்கள். ஒரு கடை வாசலில் தொங்கிய நைட்டியைப் பிடித்து விலை கேட்டு, வாங்காமல் நகர்ந்தார்கள். வாழைக்காய் பஜ்ஜி ஒரே தட்டில் வாங்கி நான்கு பேரும் பிய்த்துத் தின்றார்கள். வீட்டில் எச்சில் தம்ளர் பார்ப்பவள் பானுமதி. சம்ரீன் கடித்துவிட்டு நீட்டிய பாதியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மாதவன் தூரத்தில் நின்று அந்தப் பாதி பஜ்ஜியைப் பார்த்தார்.

பிறகு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார்கள். இவர் பின்வாசலில் ஏறினார். முன்பக்கம் அவர்களுக்குக் காசில்லாமல் டிக்கெட் கிழித்த கண்டக்டர் இவரிடம் வந்து, "சார் எங்க?" என்றார். அவர்கள் கேட்ட "மாம்பழச்சாலை"யையே சொல்லிச் சில்லறை கொடுத்து வாங்கினார். அவள் இலவசமாகச் சந்தோஷப்படப் போகிறாள், நான் காசு கொடுத்து வயிறெரியப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பாலத்தைத் தாண்டி இறங்கிய நான்கு பேரும் மறுபடி பாலத்தின் மேல் நடந்து வந்து, பாதியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். காவிரியில் தண்ணீர் ஓடியது. மலைக்கோட்டையில் விளக்கு போட்டிருந்தார்கள். காற்று அடித்துப் புடவை முந்தானைகளைத் தூக்கியது. வேர்க்கடலை வண்டிக்காரன் அவர்களுக்கு நான்கு பொட்டலம் போட்டுக் கொடுத்துவிட்டு, மாதவனைப் பார்த்து "உங்களுக்கு?" என்றான். வேண்டாமென்று தலையசைத்து, வண்டிக்கு இந்தப் பக்கம் திரும்பி நின்று, காதில் போனை வைத்துக்கொண்டார்.

"பானுக்கா, அந்தச் சாம்பார் செஞ்சு காட்டுங்க. டீச்சர் அன்னைக்கு வரல, பாக்கல" என்றாள் சம்ரீன்.

"ஐயோ, போன வாரம்தானே செஞ்சேன்."

"எனக்காக ஒரு தடவ" என்றார் பெலிண்டா.

பானுமதி கடலைப் பொட்டலத்தை அனுசுயாவிடம் கொடுத்தாள். தொண்டையைச் செருமினாள். இல்லாத கரண்டியைத் தூக்கி வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். பிறகு மெல்லத் திறந்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மேலே சுற்றும் மின்விசிறியிடம் அபிப்பிராயம் கேட்பதைப் போலக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். விசிறி ஏதோ சொல்லிவிட்டது. அவள் தலையாட்டினாள். மாதவனின் குரலில், மாதவனின் மூக்கால், "ம்ம்ம்... பரவால்ல" என்றாள்.

மூன்று பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேர்க்கடலைக்காரன்கூடச் சிரித்தான்.

அவள் நிறுத்தவில்லை. இல்லாத ஒரு வாசல் கதவைப் பூட்டினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள், நான்கு எட்டு நடந்தாள், திரும்பி வந்து பூட்டிடமே குனிந்து "பூட்டிட்டேன்ல?" என்று கேட்டாள். அந்த முதுகின் வளைவு, இடது கையைப் பின்னால் கட்டுவது, எதுவும் தப்பவில்லை.

மாதவனுக்கு மாஸ்க்குக்குள் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே இருக்கிறதே! அடுத்த நொடி சிரிப்பு போய் முகம் சுட்டது. என்னை வைத்து நடுரோட்டில் கூத்து. ஆனால் பாலத்திலிருந்து வீட்டுக்கு நடந்து போகும் வழியில் அந்தக் கோபமும் அடங்கி, அதற்கு அடியிலிருந்த ஒன்று மேலே வந்தது. இவளுக்கு இப்படி ஒரு வித்தை தெரியும் என்று இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் பழகிய தையல்காரிக்குத் தெரியும். வேர்க்கடலை விற்கிறவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் மதியம் சாம்பார் ஊற்றினாள். முதல் வாய் வைத்ததும் கண் தானாக மேலே போனது. சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு பானு."

பானுமதி கரண்டியோடு நின்றுவிட்டாள். "ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

அந்தக் கேள்விதான் அவருக்கு வழி காட்டியது. அடுத்த வெள்ளிக்கிழமை காலை கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்து, "இங்க என்னமோ புடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அவள் லேபுக்கு லீவு சொன்னாள். ஈசிஜி எடுக்கக் கூட்டிப் போனாள். டாக்டர் பார்த்துவிட்டு வாயுவாக இருக்கும் என்றார். அன்று மாலை அவள் வெளியே போகவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தாள், கஞ்சி வைத்துத் தந்தாள். போன் வந்தபோது, "இல்லடி, இவருக்கு முடியல, நீங்க போங்க" என்றாள். மாதவன் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கேட்டார். கஞ்சி தேனாக இருந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானமே வலி வந்தது. அன்று சாயங்காலம் பானுமதி ஜன்னலோரம் நின்று, மற்ற மூன்று பேரும் அனுப்பிய வீடியோவைச் சத்தமில்லாமல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வாடிக் கிடந்தது. அதைப் பார்த்து மாதவன் வருத்தப்பட்டார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அவருக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், வலி வருவதற்குள் வாசல் மணி அடித்தது. அனுசுயா, சம்ரீன், பெலிண்டா மூவரும் நின்றார்கள். சம்ரீன் கையில் பெரிய தூக்குவாளி.

"அண்ணனப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாள் அனுசுயா. ஏற்கெனவே இருக்கிற வியாதியை விட்டுக்கொடுக்க முடியாமல் மாதவன் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். மூவரும் வந்து மரியாதையாக நலம் விசாரித்தார்கள். பிறகு கூடத்துக்குப் போனார்கள்.

முதலில் தணிந்த குரலில்தான் பேசினார்கள். தூக்கில் இருந்த நோன்புக் கஞ்சி கிண்ணங்களில் ஊற்றப்படும் சத்தம் கேட்டது. யாரோ ஏதோ சொன்னார்கள். "உஸ்ஸ்" என்றாள் பானுமதி. அடக்கிய சிரிப்பு ஒன்று வெடித்தது. அதைத் தொடர்ந்து நான்கு பேரின் சிரிப்பு. மாதவன் எழுந்து கதவருகே போய்க் காது கொடுத்தார். அவர் வீட்டில், அவர் சோபாவில் நடக்கிறது. அவரால் போய் உட்கார முடியாது. அவர் நெஞ்சு வலிக்காரர். அவருக்காக ரசம் சாதம் மூடி வைத்திருந்தது.

காலடி கேட்டுப் படுத்துக்கொள்ள ஓடினார். பெலிண்டா தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்தார். செம்பை ஸ்டூலில் வைத்தார். கதவைக் கொஞ்சம் சாத்தினார்.

"அன்னைக்கு பாலத்துல காத்து நல்லா இருந்துச்சா சார்?"

மாதவன் போர்வையைக் கழுத்து வரை இழுத்து மூடிக்கொண்டார்.

"பானு போன்ல உங்க போட்டோ நெறைய பாத்திருக்கேன். மாஸ்க் போட்டா கண்ணு மறைஞ்சிடுமா? பஸ்லயே பாத்துட்டேன்."

"அவகிட்ட..." என்று இழுத்தார்.

"சொல்லல. சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்ல. ஆனா ஒண்ணு உங்களுக்குத் தெரியாது. அவ இனிமே வர மாட்டேன்னு சொல்லிட்டா. நிரந்தரமா. 'நான் பாட்டுக்கு ஊரச் சுத்திக்கிட்டு அவரக் கவனிக்காம விட்டுட்டேன்'னு அழுவுறா. பொண்ண லீவு போட்டுட்டு வரச் சொல்லி நாளைக்கு டிக்கெட் போடச் சொல்லப் போறா. அதனாலதான் இன்னைக்கு நாங்க வந்தோம்." டீச்சர் செம்பை எடுத்து நீட்டினார். "தண்ணி குடிங்க சார்."

வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனைப் போல மாதவன் தண்ணீரைக் குடித்தார்.

அவர்கள் போன பிறகு பானுமதி கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மாதவன் அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றார்.

"பானு, எனக்கு நெஞ்சு வலி இல்ல."

"தெரியும். வாயுன்னுதானே டாக்டர் சொன்னாரு."

"வாயுவும் இல்ல. ஒண்ணுமே இல்ல."

அவள் குழாயை மூடினாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். தூண், பஜ்ஜி, பஸ், பாலம். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"நான் செஞ்சு காட்டினதையும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஃபேன் பாக்கறதையுமா?"

"அதையும்."

காது வரைக்கும் அவளுக்குச் சிவந்தது. "அதுக்கு நான் மன்னிப்பு கேக்கணும்னா கேட்டுக்கறேன்" என்று திரும்பினாள். "ஆனா ஈசிஜி ரூமுக்கு வெளிய பெஞ்சுல நான் எப்படி உக்காந்திருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா? கதவு தெறக்கறதுக்குள்ள என்னென்ன நெனச்சேன் தெரியுமா? ஸ்ரீரங்கத்துல இருக்கற சாமி அத்தனையையும் கூப்பிட்டேன். இனிமே பஜ்ஜி திங்க மாட்டேன், பாலத்துல நிக்க மாட்டேன், இவரு மட்டும் நல்லா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன். நீங்க உள்ள படுத்துக்கிட்டு நடிச்சிருக்கீங்க."

"எங்கிட்ட ஒரு நாள் கூட நீ அப்படிப் பேசிக் காட்டினதில்லயே பானு" என்றார் மாதவன். "அதுதான் எனக்கு... வேற ஒண்ணுமில்ல."

பானுமதி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"காட்டியிருக்கேன். கல்யாணம் ஆன புதுசுல. முசிறிக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு உங்க பெரியப்பா வெத்தல போட்டுக்கிட்டே பேசறத அப்படியே செஞ்சேன். நீங்க சிரிக்கல. 'பெரியவங்கள அப்படியெல்லாம் பண்ணாத, நல்லா இல்ல'ன்னீங்க. சரின்னு விட்டுட்டேன்."

மாதவனுக்கு அது நினைவிலேயே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தான் சொல்லியிருப்போம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் பேசவில்லை. சோறு போட்டாள், சட்டை தேய்த்து வைத்தாள், மகளிடம் "அப்பா நல்லா இருக்காரு, நீ வரவேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை புடவை எடுத்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு மாதவன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நானும் ஒரு தடவ வரட்டுமா? ஓரமா நின்னுக்கறேன்."

"வேண்டாங்க."

"ஏன், உங்க சட்டமா?"

"சட்டத்துக்காக இல்ல. நீங்க வந்தா நான் அங்கயும் உங்க பொண்டாட்டியாத்தான் நிப்பேன். உங்களுக்குத் தண்ணி இருக்கா, காரமா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருப்பேன்." கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டாள். "உங்களுக்குன்னு யாரையாவது தேடிக்கங்க. ஊருல ஆளா இல்ல?"

ஆள் இருந்தது. பெயர் அழகிரி. அதே கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் வேலை, வீடு திருவானைக்காவலில், சொந்த ஊர் மணப்பாறை. பல வருஷமாக வேனில் மாதவனுக்குப் பக்கத்து சீட். இரண்டு பேரும் காலையில் "வணக்கம்", மாலையில் "பாப்போம்" என்று சொல்லியிருக்கிறார்கள். நடுவில் தூங்கியிருக்கிறார்கள். "அழகிரி, இன்னைக்கு எங்கயாவது போயி டிபன் சாப்பிடலாமா?" என்று மாதவன் கேட்டபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கு சார்? ஜாமீன் கையெழுத்து ஏதாவது போடணுமா?"

"அதெல்லாம் இல்ல. சும்மா."

"சும்மாவா?" அழகிரிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் இறங்கினார்.

முதல் முறை டீக்கடையில் நின்று டீ குடித்தார்கள். டீ தீர்ந்தது. அடுத்து என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. "அப்ப பாப்போம்" என்றார் அழகிரி. பானுமதி வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பெண்கள் இதை எப்படி இவ்வளவு நேரம் இழுக்கிறார்கள் என்று மாதவனுக்கு மலைப்பாக இருந்தது. அதிலும் கொஞ்சம் பொறாமை கலந்திருந்தது.

விடவில்லை. மறு வாரமும் போனார்கள். கம்பெனி முதலாளியைத் திட்டியதில் அரை மணி ஓடியது. அதற்குப் பிந்தைய வாரம், தோசைக் கடையில் நெய் தோசைக்குக் காத்திருந்தபோது, அழகிரி தன் அப்பா மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர் என்றார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்களாம், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாதாம்.

"எப்படி?"

அழகிரி கைக்குட்டையை எடுத்து மாதவனின் கையின் மேல் போர்த்தி, உள்ளே அவர் விரல்களைப் பற்றினார். "இது ஆயிரம். இப்படி அமுக்குனா அஞ்சு. நீங்க கம்மியா கேளுங்க... யோவ், அதுக்கு மாட்டோட வால் கூட வராது!" மாதவன் வேறு விரலை நீட்டினார். அழகிரி கோபித்துக்கொண்டு கையை உதறினார். தோசை கொண்டு வந்த சர்வர், துணிக்குள் கை கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு நரைத்தலைகளையும் பார்த்துவிட்டுத் தட்டை மெதுவாக வைத்துவிட்டு நகர்ந்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டது. மாதவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இப்படியாக அவருக்கும் வெள்ளிக்கிழமை வந்தது என்று சொல்லலாம். ஆனால் அது அவளுடைய வெள்ளிக்கிழமை மாதிரி இல்லை என்று அவருக்கே தெரியும். ஒரு தடவை தெப்பக்குளத்தில் அந்த நான்கு பேரும் எதிர்ச் சாரியில் போனார்கள். பானுமதி பார்த்தாள், கையை உயர்த்தினாள், பஸ்ஸுக்கு ஓடினாள். "உங்க வீட்டம்மாதானே? கூப்பிடலயா?" என்றார் அழகிரி. "அவங்க வேற செட்டு" என்று மாதவன் சாதாரணமாகச் சொன்னார். பஸ் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பொங்கலுக்கு அழகிரி வீட்டுக்கு வந்திருந்தார். கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். இரண்டு மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை மாதவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பானுமதி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு காயைச் செங்குத்தாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, "இல்ல சார், இந்தக் கரும்புல பாருங்க, கணு கிட்ட கிட்ட இருக்கு" என்றாள். அழகிரியே கூடத்தில் வந்து உட்கார்ந்ததைப் போல இருந்தது.

மாதவன் பேப்பரைப் போட்டார். சிரித்தார். "இன்னொரு தடவ" என்றார். அவள் செய்தாள். கரும்பைக் கடிக்கப் போய், நிறுத்தி, மறுபடி பேச ஆரம்பிப்பதையும் செய்தாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினார். அவள் எழுந்து வந்து தலையில் தட்டினாள். அவருக்கு அன்று ரொம்ப சந்தோஷமாக இருந்தது. சிரிப்பு அடங்கியதும் ஒரு சந்தேகம் வந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"இத அவங்ககிட்ட செஞ்சு காட்டிட்டியா?"

"வெள்ளிக்கிழமையே காட்டியாச்சு" என்றாள் பானுமதி, முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே. "சம்ரீன் அங்கயே தரையில உக்காந்துட்டா."

மாதவன் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.